பலமான சர்வ் இல்லாமலேயே இந்திய டென்னிஸ் வீரர் ரமேஷ் கிருஷ்ணன் எப்படி உலகத் தரத்தில் ஆடினார்?

பந்தை அடித்து நொறுக்குவதைவிட, எங்கே வைப்பது என்பதில்தான் அவர் ஆட்டமே இருந்தது. அவருடைய சர்வ், அதாவது ஒவ்வொரு புள்ளியையும் தொடங்கும் அடி, மெதுவானது. முதல் சர்வ் தவறினால் அடிக்கும் இரண்டாவது சர்வ் இன்னும் மென்மையாக விழும். எதிராளிகள் அதைக் குறிவைத்துத் தாக்குவார்கள். ஆனால் பந்து எழும்பும்போதே அதைச் சந்தித்து, எதிராளியின் வேகத்தையே பயன்படுத்தித் திருப்பிவிடுவார். ராக்கெட்டைப் பெரிதாகப் பின்னுக்கு இழுக்கவே மாட்டார். அதனால் பந்து எந்தப் பக்கம் வரும் என்பதைக் கடைசி நொடிவரை ஊகிக்க முடியாது. காலடியில் விழும் பந்தை அரை வாலியாக, அதாவது தரையைத் தொட்டு எழும் கணத்திலேயே, எடுத்துக் குறுக்குக் கோணத்தில் தள்ளுவார் பாருங்கள், அந்த அழகு இன்றைய ஆட்டத்தில் அரிது!

1979இல் விம்பிள்டன், பிரெஞ்சு ஓப்பன் இரண்டிலும் ஜூனியர் பட்டம் வென்றார். 1986இல் விம்பிள்டன் காலிறுதி. அமெரிக்க ஓப்பனில் 1981, 1987 என இருமுறை காலிறுதி. தரவரிசையில் 23ஆம் இடம்வரை உயர்ந்தார்.

என் பார்வையில் அவருடைய உச்சம் நாடுகளுக்கு இடையிலான டேவிஸ் கோப்பையின் 1987 அரையிறுதிதான். சிட்னி புல்தரையில், முடிவைத் தீர்மானித்த கடைசி ஆட்டத்தில் ஆஸ்திரேலிய வீரர் வாலி மசூரை வீழ்த்தி இந்தியாவை இறுதிக்கு அழைத்துச் சென்றார். 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில் அப்போதைய முதல்நிலை வீரர் மாட்ஸ் விலாண்டரையும் வென்றார்.