விமானம் ஏற ஏற நைட்ரஸ் ஆக்சைடு குறைகிறதா?

கேள்வி: சிறு விமானத்தில் குவாண்டம் காஸ்கேட் லேசர் கருவி (வாயு எவ்வளவு அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்த்து அளவைச் சொல்வது) வைத்து நைட்ரஸ் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு இரண்டையும் அளக்கிறோம். தரையில் காலிபரேஷன் (அளவு தெரிந்த காற்றைச் செலுத்திக் கருவியைச் சரிபார்ப்பது) கச்சிதம். 3 கிலோமீட்டர் ஏறுவதற்குள் நைட்ரஸ் ஆக்சைடு 5 பிபிபி (நூறு கோடியில் 5 பங்கு) இறங்கிவிடுகிறது, கீழே வந்தால் பழையபடி ஆகிறது. காற்றே அப்படியா, கருவியா?

பதில்: கருவிதான். நைட்ரஸ் ஆக்சைடு நூறாண்டுக்கு மேல் காற்றில் தங்கும் வாயு. அடுக்கு மண்டலத்தை எட்டும்வரை அதன் அளவு பெரிதாக மாறாது. 2024-இல் சுமார் 338 பிபிபி. உரமிட்ட வயலை ஒட்டிப் பறந்தால் கொஞ்சம் கூடலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஏறும்போது குறைந்து, அதே வழியில் திரும்பி வருகிறதென்றால் கேபின் அழுத்தத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடிலும் இதே பிழை இருக்கும். அது உயரத்தோடு உண்மையிலேயே மாறுவதால் உங்கள் கண்ணில் படவில்லை.

மாதிரிக் காற்று ஓடும் செல்லுக்குள் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தியிருப்பீர்கள், சரி. லேசரிலிருந்து செல் வரையிலும், அங்கிருந்து ஒளியை அளக்கும் டிடெக்டர் வரையிலும் ஒளி கேபின் காற்றில்தானே போகிறது? வழியில் உள்ள லென்ஸ், கண்ணாடிப் பரப்புகளில் பட்டுத் திரும்பும் ஒளி மூல ஒளியோடு குறுக்கிட்டு, நிறமாலையின் அடிக்கோட்டில் மெல்லிய அலைகளை உண்டாக்கும். விமானம் ஏறினால் கேபின் அழுத்தம் குறையும், காற்றின் ஒளிவிலகல் எண் மாறும், அலைகள் நகரும். உறிஞ்சு கோட்டின் மேல், அதாவது வாயு ஒளியை உறிஞ்சும் அலைநீளத்தில், ஓர் அலை வந்து உட்கார்ந்தால் மென்பொருள் அதையும் வாயுக் கணக்கில் சேர்த்துவிடும். அந்த ஒளிப்பாதையில் நைட்ரஜன் செலுத்தினால் கேபின் காற்றின் உறிஞ்சல் போகும். ஆனால் அழுத்தம் மாறிக்கொண்டே இருந்தால் அலை நகரத்தான் செய்யும்.

அதனால் தரைக் காலிபரேஷனை மட்டும் நம்பாதீர்கள். அளவு தெரிந்த காற்றுள்ள சிலிண்டரை விமானத்தில் ஏற்றி, பறக்கும்போதே அடிக்கடி செலுத்துங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு 2018-இல் விவரித்த கருவியமைப்பில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சிலிண்டர் காற்று போகும். அளவீட்டு நேரம் கொஞ்சம் வீணாகும்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் இடைவெளியைக் கூட்டாதீர்கள். சிலிண்டர் காற்று உலர்ந்தது, வெளிக்காற்று ஈரமானது என்பதால் நீராவித் திருத்தத்தைத் தனியாகச் செய்ய வேண்டும்.

அப்புறம், கசிவு. செல்லுக்குள் அழுத்தம் குறைவு, ஆகவே எந்த ஓட்டையும் கேபின் காற்றை உள்ளே இழுக்கும். கருவி கார்பன் டை ஆக்சைடும் காட்டுமானால் தரையிலேயே சோதிக்கலாம்: சிலிண்டர் காற்றை ஓடவிட்டு, ஒரு ஸ்ட்ராவால் ஒவ்வோர் இணைப்பிலும் மூச்சை ஊதுங்கள். ஊதிவிட்டுச் சில நொடி பொறுங்கள், குழாய் நீளத்தைப் பொறுத்துத் தாமதமாகத்தான் தெரியும். அளவு எங்கே எகிறுகிறதோ அந்த நட்டை முறுக்குங்கள்.