குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் நெளிகிறார்கள், தூங்கி விழுகிறார்கள். என்ன செய்யலாம்?

முதலில் நேரத்தைப் பாருங்கள். சாப்பிட்டு முடித்து ஒன்பதரை மணிக்குப் பாயை விரித்தால் ஆறு வயதுப் பிள்ளை தூங்கத்தான் செய்யும். எங்கள் வீட்டில் விளக்கு வைத்ததுமே, பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறோம்.

அப்புறம், அப்பா வாசிக்க மற்றவர்கள் கேட்பது என்ற முறையை விடுங்கள். வேதாகமத்தில் 136ஆம் சங்கீதத்தில் 26 வசனங்கள், ஒவ்வொன்றும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடியும்; முன்பாதியை நீங்கள் வாசியுங்கள், பின்பாதியைப் பிள்ளைகள் சத்தமாகச் சொல்லட்டும், எழுத்துக் கூட்டத் தெரியாத சின்னதுகூட நாலாவது வசனத்தில் சேர்ந்துகொள்ளும்.

மாற்கு சுவிசேஷம் 4ஆம் அதிகாரத்தில் இயேசு புயலை அடக்கும் கதைக்குப் பாய்தான் படகு. இரண்டு பேர் போர்வையை உதறி அலை எழுப்ப, எங்கள் சின்னவன் தலையணையில் படுத்திருந்து (வசனத்திலேயே தலையணை உண்டு!) எழுந்து "இரையாதே, அமைதலாயிரு" என்று கையை நீட்டினான். போர்வை அப்படியே தரையில் விழுந்தது, யாரும் பேசவில்லை. அந்த அமைதியிலேயே ஜெபித்தோம்.

ஜெபக் குறிப்பையும் அவர்களிடமே கேளுங்கள். கணக்குப் பரீட்சை, காய்ச்சலில் கிடக்கும் நண்பன், எதுவானாலும் சரி, திருத்தாதீர்கள்.