லாகோஸ் மவன் தாலமி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அலெக்சாண்டரோட தளபதி தாலமி உண்மையில ராஜா பிலிப்புக்குப் பொறந்தவராமே, அப்போ அலெக்சாண்டருக்கே அண்ணன் முறை வருதே, ஒரு வீடியோவுல அடிச்சு சொல்றாங்க சார், நம்பலாமா? (வண்ணாரப்பேட்டை வாசகர்)

பதில்: தம்பி, இந்தப் பேச்சு வீடியோ காலத்துல வந்தது இல்ல, ரெண்டாயிரம் வருஷமா சுத்திக்கினு இருக்கு. கி.பி. 2ஆம் நூற்றாண்டுல பௌசானியஸ்னு ஒரு கிரேக்கர் ஊர் ஊரா சுத்திப் பாத்து எழுதினாரு, அவரு சொல்றாரு, மாசிடோனியாக்காரங்க தாலமிய பிலிப்போட புள்ளன்னுதான் நெனைக்கிறாங்க, அவங்கம்மா வயித்துல புள்ளயோட இருக்கும்போதே பிலிப் அவங்கள லாகோஸுக்குக் கட்டிக் குடுத்துட்டாருன்னு. அம்மா பேரு அர்சினோயி. ரோமானிய எழுத்தாளர் கர்ட்டியஸும் இதையே சொல்றாரு, அதுவும் தாலமி சிந்து நதிப் பக்கம் வெஷம் தடவுன ஆயுதத்தால அடிபட்டுப் படுத்திருக்கும்போது, அலெக்சாண்டர் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டாரே, அந்த எடத்துல.

ஆனா நான் நம்பல. வயச மட்டும் கூட்டிப் பாருங்க. பிலிப் பொறந்தது கி.மு. 382 வாக்குல, தாலமி பொறந்தது 367 வாக்குல, அப்போ பிலிப்புக்கு 15 வயசுதான், அதுவும் அந்த சமயத்துல அவரு தீப்ஸ் ஊர்ல பணயமா புடிச்சு வெச்சிருந்த பையன். இன்னொன்னு, கி.மு. 323ல பாபிலோன்ல அலெக்சாண்டர் செத்தப்போ ராஜா யாருன்னு அவ்ளோ பெரிய சண்டை, பிலிப்போட ரத்தம் வேணும்னு சிப்பாய்ங்க புடிவாதமா நின்னு, ராஜ்ஜியம் பாக்கற அளவுக்கு மனசு சரியில்லாத அர்ரிடயோஸ தூக்கி உக்கார வெச்சாங்க, ஏன்னா அவரு பிலிப்போட மவன். அங்கயே நின்னுக்கினு இருந்த தாலமிய, இவரும் பிலிப் மவன்தானேன்னு ஒருத்தரும் கைகாட்டல. ஊருக்கே தெரிஞ்ச ரகசியமா இருந்திருந்தா அன்னிக்கு வெளிய வராம இருந்திருக்குமா?

அப்போ லாகோஸ் யாரு? ஊர் எயோர்டியா, இப்போ வட கிரீஸ்ல இருக்கு, அங்க தாலமி பேர்லயே ப்டோலமைடான்னு ஒரு ஊரு, நம்ம எண்ணூர் மாதிரியே கரி எரிக்கிற அனல் மின்நிலையத்துக்குப் பேர் போன எடம். லாகோஸோட அப்பா யாருன்னு அந்தக் காலத்துலயே கேலி இருந்துச்சு. புளூட்டார்க்ங்கற கிரேக்க எழுத்தாளர் ஒரு சம்பவம் சொல்றாரு. தாலமி எகிப்துக்கு ராஜாவான பொறவு ஒரு இலக்கண வாத்தியார சீண்டறதுக்காக, கிரேக்கக் காவிய வீரன் அகிலீஸோட அப்பா பெலியுஸ், அந்த பெலியுஸோட அப்பா யாருன்னு கேட்டாராம். வாத்தியாரு, மொதல்ல லாகோஸோட அப்பா யாருன்னு நீங்க சொல்லுங்க, அப்பறம் நான் சொல்றேன்னுட்டாரு. சபையில எல்லாரும் கொதிச்சுட்டாங்க. தாலமி கோவப்படல, கேலிய தாங்கிக்கறது ராஜாவுக்கு அழகில்லன்னா கேலி பண்றதும் அழகில்லன்னு சொல்லி வுட்டுட்டாரு. எனக்கு அந்த மனுஷன் மேல பிரியம் வந்ததே இங்கதான்.

கழுகு கதை ஒன்னு இருக்கு, அதையும் சொல்லிடறேன். லாகோஸ் இது எம்புள்ள இல்லன்னு கொழந்தைய ஒரு வெண்கலக் கேடயத்துல வெச்சு வெளிய போட்டுட்டாராம், ஒரு கழுகு வந்து றெக்கைய விரிச்சு வெயில் மழை படாம காப்பாத்தி, காடைய கிழிச்சு பாலுக்குப் பதிலா அந்த ரத்தத்த ஊட்டுச்சாம். தாலமி வம்சத்து காசுல இடி மேல நிக்கற கழுகு இருக்கும், அது ஜீயஸ் கடவுளோட பறவை. வம்சத்துக்குப் பெருமை சேக்கற கதை, அதுல பெத்தவருதான் கெட்ட பேரு வாங்கிட்டாரு, பாவம்.

நம்ம தாலமியோட பேரன் தாலமி 3 எரித்திரியா கரையில அதுலிஸ்ல வெச்ச கல்வெட்டுல அப்பா வழியில ஹெராக்ளீஸ், அம்மா வழியில டயோனிசஸ், ரெண்டு பேரும் ஜீயஸோட புள்ளைங்கன்னு, ரெண்டு பக்கமும் ஜீயஸ் கிட்ட கொண்டுபோய் முடிச்சாரு. ஆனா தாத்தா பண்ணத பாருங்க. தாயிஸ்ங்கற அம்மா கிட்ட பொறந்த தன் புள்ளைக்கு லாகோஸ்னு பேரு வெச்சாரு. நம்மள்ல தாத்தா பேர பேரனுக்கு வெக்கறோம், பேரன்ங்கற சொல்லே அதுல வந்ததுதான், அவங்களுக்கும் அதே வழக்கம். அந்தப் பையன் கிரீஸ்ல லைக்காயா திருவிழாவுல ரெட்டைக் குதிரை ரதப் பந்தயம் ஜெயிச்சு, ஜெயிச்சவங்க பட்டியல்ல தாலமி மவன் லாகோஸ்னு கல்லுல பொறிச்சிருக்காங்க. பிலிப் மவன்னு சொல்லிக்கறவரு இப்படி பேரு வெப்பாரா? கிரேக்கத்துல அவர தாலமையோஸ் லாகூன்னு எழுதுவாங்க, லாகோஸோட தாலமின்னு அர்த்தம், நம்ம இனிஷியல் மாதிரியேதான். நம்ம காசிமேட்டுல இன்னாரு மவன்னு சொன்னாதான் ஆள் தெரியும், அவரும் கடைசி வரைக்கும் அப்படித்தான் இருந்தாரு, அவரு வம்சத்துக்கே லாகித்னு பேரு நின்னுடுச்சு, அந்த வம்சத்துல கடைசியா ஆண்ட பொண்ணுதான் கிளியோபாட்ரா.

கேள்வி: நம்ம காவிரிப்பூம்பட்டினத்த பத்தி எழுதின தாலமியும் இவரும் ஒருத்தரா? (பெரம்பூர் வாசகி)

பதில்: இல்லம்மா, அவரு க்ளாடியஸ் தாலமி, கி.பி. 2ஆம் நூற்றாண்டு அலெக்சாண்ட்ரியாவுல இருந்த பூகோளக்காரர், கபேரிஸ்னு எழுதினது அவருதான். நடுவுல நானூறு வருஷத்துக்கு மேல வித்தியாசம். தாலமிங்கறது மாசிடோனியாவுல சாதாரணமா வெக்கற பேரு.

கேள்வி: லாகோஸ் குடும்பத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் எதாவது சம்பந்தம் உண்டா? (கொருக்குப்பேட்டை வாசகர்)

பதில்: ஒரே கல்லுல பக்கத்துல பக்கத்துல பேரு இருக்கு, அது போதாதா! அசோகரோட 13ஆவது பாறைக் கல்வெட்டுல யவன ராஜாக்கள்ல துரமாயன்னு ஒருத்தர் வர்றாரே, அது தாலமி 2, நம்ம லாகோஸோட பேரன். அதே கல்வெட்டுல தெக்க சோழர், பாண்டியர், தாம்பரபர்ணி (அதாவது இலங்கை) வரைக்கும்னு அடுத்தாப்புல வரும். டேராடூன் பக்கம் கால்சி பாறையில இத இப்பவும் நேர்ல பாக்கலாம், அந்தப் பக்கம் போறவங்க தவறாம போய்ட்டு வாங்க.