பழைய பொருட்களின் வடிவமைப்பு உண்மையிலேயே காலம் கடந்து நிற்கிறதா, இல்லை அது வெறும் ஏக்கமா?

இசைத்தட்டு ஓட்டுகிற டர்ன்டேபிள், பித்தளைச் செம்பு, அந்தக் காலத்துக் கட்டிடம் என்று எல்லாவற்றையும் காலத்தால் அழியாத வடிவமைப்பு என்று கொண்டாடுகிறார்களே, அதில் ஏதாவது இருக்கிறதா அல்லது சின்ன வயசு ஞாபகம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாரோ ஒரு பழைய சாமானைக் கொடுத்துவிடச் சொல்லி நச்சரிக்கிறார்கள், உங்களுக்கு மனசு வரவில்லை, அதனால்தான் இந்தக் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்களிடம் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 என்ற டர்ன்டேபிள் இருக்கிறது. சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது அடெல்ஃபி கட்டிடத்தில் இருந்த ஒரு கடையில் பழையதாக வாங்கி, அப்பாவுக்காகக் கடலூருக்குக் கொண்டுவந்தேன். அப்பாவிடம் எல்பி தட்டுகள் நிறைய உண்டு, அதில் பாதிக்கு மேல் நாதஸ்வரம். அதற்கு முன்னால் இருந்த பிளேயர் ரப்பர் பெல்ட்டில் ஓடுவது. எங்கள் ஊர் வெயிலுக்கு பெல்ட் தளர்ந்துபோய் காருக்குறிச்சியாரின் நாதஸ்வரமே சுருதி இறங்கிக் கேட்கும். டெக்னிக்ஸில் பெல்ட்டே கிடையாது, தட்டு சுற்றும் மேடையின் அடியிலேயே காந்தம், அதாவது மேடையே மோட்டாரின் ஒரு பாகம்.

அப்புறம் அப்பாவுக்கு க்ளாக்கோமா வந்து பார்வை குறைந்துகொண்டே போனது. இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும், அவ்வளவுதான். தம்பி நல்ல எண்ணத்தோடுதான் ஒரு புது சவுண்ட்பார், அதாவது நீளப் பட்டை போன்ற ஸ்பீக்கர், வாங்கி வந்தான், பழையதைக் கொடுத்துவிடலாம் என்றான். பார்க்க அழகான சாமான், கறுப்பு, வழவழவென்று. மேலே நான்கு தொடு பொத்தான்கள், நான்கும் ஒரே சமதளத்தில், விரலுக்கு எதுவும் தட்டுப்படாது. எது ஒலியைக் கூட்டுவது, எது நிறுத்துவது என்று அப்பாவால் கண்டுபிடிக்கவே முடியவில்லை, தெரியாமல் கை பட்டு ப்ளூடூத்துக்கு மாறிவிடும், அப்புறம் யாராவது வந்து சரிசெய்யும் வரை சும்மா உட்கார்ந்திருப்பார். எழுபது வயது வரை வீட்டு ரேடியோவைத் தானே கழற்றிப் பார்த்த மனிதர், பாட்டு கேட்க ஆள் கூப்பிட வேண்டிய நிலை. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அதே அப்பா டெக்னிக்ஸைத் தனியாக இயக்குகிறார். எப்படி என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பவர் சுவிட்ச் திருகுகிற குமிழ், உருண்டையாகக் கைக்குள் வரும். ஓட்டவும் நிறுத்தவும் இடது மூலையில் ஒரு பெரிய சதுரப் பொத்தான், அதை ஒட்டி வேகத்துக்கு இரண்டு சிறிய பொத்தான்கள், முதலாவது நிமிடத்துக்கு 33 சுற்று, அடுத்தது 45. வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைப்பது வலது ஓரத்தில் நீளவாக்கில் தள்ளுகிற குச்சி, நடுவில் வந்ததும் லேசாக ஒரு இடத்தில் பொருந்தி நிற்கும், அதுதான் சரியான வேகம் என்று கண் இல்லாமலே தெரிந்துவிடும். அந்த இரண்டு வேகப் பொத்தான்களைத் தவிர ஒன்றின் உருவம் போல இன்னொன்று இல்லை. சுற்றும் மேடை 33 சென்டிமீட்டர், எல்பி தட்டு 30 சென்டிமீட்டர், ஆகவே தட்டைச் சுற்றி ஒன்றரை சென்டிமீட்டர் விளிம்பு மிஞ்சும். அப்பா இடது கை விரலை அந்த விளிம்பில் வைத்து, தட்டு எங்கே தொடங்குகிறது என்று தடவிப் பார்த்து, வலது கையால் ஊசிக் கையை அங்கே கொண்டுவந்து நெம்புகோலை இறக்குவார். ஊசி பொத்தென்று விழாது, மெல்ல அமரும்.

இதெல்லாம் பார்வையற்றவர்களுக்காக யோசித்துச் செய்ததா என்றால் இல்லை. 1972-ல் ஜப்பானில் வீட்டில் பாட்டு கேட்பவர்களுக்காக மட்சுஷிதா கம்பெனி டெக்னிக்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்த மாடல் இது. 1979-ல் எம்கே2 என்ற இரண்டாவது வடிவம் வந்தபோதுதான் அந்தத் தள்ளு குச்சி சேர்ந்தது, கிளப்புகளில் டிஜேக்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் வேலை செய்வது இருட்டில், அவசரத்தில். பொத்தானை அழுத்தி 0.7 விநாடியில் முழு வேகத்துக்கு வந்துவிடும், ஊசி முனையைப் பார்க்கத் தேவைப்படுகிறவருக்கு ஒரு குட்டி விளக்கு மேலெழும், மேடை விளிம்பில் இருக்கிற புள்ளி வரிசை அசையாமல் நிற்பது போலத் தெரிந்தால் வேகம் சரி. 12 கிலோவுக்கு மேல் எடை, அடியில் கனமான ரப்பர். தம்பி மகன் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏன் பெரியப்பா இவ்வளவு கனம்?" என்றான். பக்கத்தில் ஸ்பீக்கர் அதிரும்போது அந்த அதிர்வு ஊசிக்கு ஏறக் கூடாது, அதற்காகத்தான் கனம். இருட்டில் நிற்கிற டிஜேவுக்குச் சரியாக வந்தது எங்கள் அப்பாவுக்கும் சரியாக வருகிறது. 2010-ல் தயாரிப்பை நிறுத்தினார்கள், 2016-ல் மறுபடி கொண்டுவந்தார்கள், உள்ளே மோட்டாரையெல்லாம் புதிதாகச் செய்தவர்கள் மேல் அமைப்பில் கிட்டத்தட்ட கை வைக்கவில்லை.

ஏக்கம் என்று சொல்பவர்களுக்கு என் பதில் தம்பி மகன்தான். அவன் பிறந்து வளர்ந்ததெல்லாம் போன் காலத்தில், அவனுக்கு ஏங்குவதற்கு எந்தப் பழைய நாளும் இல்லை. லீவுக்கு வந்தால் நேராகப் போய் அந்தச் சதுரப் பொத்தானைத்தான் அழுத்துகிறான்.

      

அடுத்து செம்புக்கு வருகிறேன். 1958-ல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி நம் அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள், அதன் தொடர்ச்சியாகத்தான் 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. இந்தியா முழுக்கச் சுற்றிய அவர்கள் மிக அழகான பொருள் என்று எடுத்துச் சொன்னது சாதாரணச் செம்பை. எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், இடுப்பில் வைத்தால் எப்படி நிற்கும், காலியாக இருக்கும்போதும் நிறைந்திருக்கும்போதும் எடை எங்கே விழும், என்ன விலை, கடைசியில் உலோகமாக விற்றால் என்ன கிடைக்கும் என்றெல்லாம் கேட்டுக்கொண்டே போகிறார்கள். தனியொருவர் செய்த வடிவம் இல்லை, தலைமுறை தலைமுறையாகத் திருத்தி வந்தது என்பது அவர்கள் முடிவு. நம் வீட்டுச் செம்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். கழுத்து ஒடுங்கியிருப்பதால் ஈரக் கையிலும் நழுவாது, உதடு வெளியே விரிந்திருப்பதால் ஊற்றும்போது வழியாது, உள்ளே மூலையே இல்லாததால் புளி போட்டுத் தேய்த்தால் அழுக்கு நிற்க இடமில்லை.

கட்டிடம் என்றால் எனக்குப் புதுச்சேரி கோல்கொண்டே. அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதி, அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தது, பின்னாளில் மரச்சாமான்களுக்குப் பெயர்பெற்ற ஜார்ஜ் நாகஷிமா கூட இருந்து கட்டியது. 1930-களின் இறுதியில் தொடங்கிய கான்கிரீட் கட்டிடம். முன்கூட்டி அனுமதி வாங்கித்தான் உள்ளே போனேன். வடக்கு, தெற்கு இரண்டு பக்கமும் சுவருக்குப் பதிலாக மேலிருந்து கீழ் வரை திருப்பக்கூடிய கிடைமட்டப் பலகைகள், காற்றும் வெளிச்சமும் வேண்டிய அளவு திறந்துகொள்ளலாம், கண்ணாடி ஜன்னல் கிடையாது. கூரைக்கு மேல் வளைந்த ஓடு போல இன்னொரு அடுக்கு, நடுவில் காற்று ஓட இடைவெளி, அதனால் வெயில் நேராக அறைக்குள் இறங்காது. கதவுப் பூட்டு, கைப்பிடி எல்லாம் பக்தர்கள் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கி வார்த்தவை. வெளியே வந்து எதிர்ப்புறம் நின்று பார்த்தேன், ஓர் அலங்காரம் இல்லை, ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

பழையது எல்லாமே உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை, கமெண்டில் சண்டைக்கு வர வேண்டாம். கோல்கொண்டேயின் அந்தப் பலகைகள் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட், இன்று அதில் செய்யக் கூடாது. எண்பதுகளில் வந்த, ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பல டூ-இன்-ஒன் செட்டுகளில் எதற்கென்றே தெரியாத விளக்குகளும் பொத்தான்களும் இருந்தன, அவை போனதில் எனக்கு வருத்தமில்லை. இது பணக்கார ரசனை என்றும் சிலர் சொல்வார்கள். செம்பு எந்தப் பணக்காரரின் ரசனை? நான் பார்ப்பது ஒன்றைத்தான், செய்தவர் பயன்படுத்துகிறவரின் கையை நினைத்துச் செய்தாரா என்று. அப்படிச் செய்த பொருளுக்கு அழகு தானாக வந்துவிடுகிறது. 1956-ல் ஜெர்மனியின் பிரவுன் கம்பெனி செய்த எஸ்கே4 என்ற ரேடியோகிராமுக்கு, அதாவது ரேடியோவும் தட்டு பிளேயரும் சேர்ந்த பெட்டிக்கு, உலோக மூடி போட்டுப் பார்த்தார்கள், அது பாட்டோடு சேர்ந்து அதிர்ந்தது, அதனால்தான் அங்கே வடிவமைப்பாளராக இருந்த டீட்டர் ராம்ஸ் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடி போட்டார். அந்த மூடியைத்தான் பிறகு எல்லோரும் அழகு என்று காப்பியடித்தார்கள்.

உங்களிடம் இருப்பது டர்ன்டேபிள் என்றால் கொடுத்துவிடாதீர்கள். புதிதாகப் பழையது தேடுகிறீர்கள் என்றால் ஊசிக் கையை மெல்லப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், மூட்டில் ஆட்டம் இருந்தால் வேண்டாம். பின்னால் வருகிற ஒயரையும் பாருங்கள், மாற்றியிருந்தால் யார் மாற்றியது என்று கேளுங்கள். ஊசி மட்டும் கட்டாயம் புதிதாக வாங்குங்கள், தேய்ந்த ஊசி தட்டைக் கீறிவிடும்.