பழைய ஐரோப்பிய இசையைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் மகள்: ஒரு தாய்க்கு எழுதிய பதில்

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூ முடிக்கவிருக்கும் உங்கள் மகள் மான்டெவெர்டி, பாக், ஹாண்டெல் காலத்து இசையை, அதாவது ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையிலான 'பரோக்' இசையை, பாடும் சோப்ரானோவாகத்தான் (உச்சக் குரல் பாடகியாகத்தான்) வாழ்வேன் என்று உறுதியாக நிற்பதையும், உங்கள் கணவர் பி.காம். சேர்த்துவிட வேண்டும் என்று சொல்வதையும், இது சோறு போடும் தொழில்தானா என்ற கவலையில் உங்களுக்குத் தூக்கம் வராததையும் எழுதியிருக்கிறீர்கள். சோறு போடும். ஆனால் மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் விழும் சம்பளமாக அது வருவது அரிது. குடும்பத்தில் எல்லோரும் இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

ஏர்லி மியூசிக் (பழைய இசை) என்று அழைக்கப்படும் இந்தத் துறை, தொடக்கத்திலிருந்தே நிரந்தரப் பதவிகளை நம்பி வளர்ந்ததல்ல. 1953-இல் வியன்னாவில் கான்சென்டஸ் மியூசிகஸ் குழுவைத் தொடங்கிய நிக்கோலாஸ் ஆர்னோன்கோர்ட், 1969 வரை வியன்னா சிம்பொனி இசைக்குழுவில் செல்லோ வாசித்துச் சம்பளம் வாங்கிக்கொண்டேதான் தம் குழுவை நடத்தினார். பிரான்சில் 1979-இல் பிறந்த லே ஆர் ஃப்ளோரிசான், லண்டனில் 1986-இல் இசைக்கலைஞர்களே கூடி அமைத்த ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் தி ஏஜ் ஆஃப் என்லைட்டன்மென்ட், அடுத்த ஆண்டு ஜெர்மனியில் உருவான ஃப்ரைபர்க் பரோக் இசைக்குழு ஆகியவை இன்று உலகப் புகழ் பெற்றவை. இத்தகைய குழுக்களில் பாடுவோரும் வாசிப்போரும் பெரும்பாலும் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி அழைக்கப்படும் ஃப்ரீலான்ஸ் கலைஞர்களே.

அந்த வாழ்க்கையின் நடைமுறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் மாணவர்கள் மேடையை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். நெதர்லாந்தில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாக்கின் 'மத்தேயு பாடுகள்' என்ற இசைப்படைப்பு ஊருக்கு ஊர் அரங்கேறும். பல பாடகர்களின் ஆண்டு வருமானத்தில் கணிசமான பங்கு அந்தச் சில வாரங்களில்தான் கிடைக்கிறது. ஒரு குழு அழைத்தால், சில நாள் ஒத்திகை, பிறகு அடுத்தடுத்த இரவுகளில் வெவ்வேறு தேவாலயங்களில் நிகழ்ச்சி, நடுவே ரயில் பயணம் என்று வாரம் ஓடிவிடும். பயணச் செலவும் தங்கும் இடமும் ஊதியத்தில் அடக்கமா, தனியா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நிகழ்ச்சியன்று தொண்டை கட்டிவிட்டால் வேறொருவர் பாடுவார், அன்றைய ஊதியமும் பெரும்பாலும் அவருக்கே போகும். 2020 மார்ச்சில் கொரோனாவால் அரங்குகள் மூடப்பட்டபோது சரியாகத் தவக்காலமாக இருந்ததால், அந்தப் பருவத்தின் வருமானத்தை ஃப்ரீலான்ஸ் பாடகர்கள் பலர் ஒரே அடியில் இழந்தார்கள். ஆகவே சில மாதச் செலவுக்கான சேமிப்பு எப்போதும் கையில் இருக்க வேண்டும் என்பதையும் தொழில் பயிற்சியின் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன்.

நிரந்தரச் சம்பளம் அறவே இல்லை என்றும் எண்ண வேண்டாம். பெர்லினில் 1948 முதல் இயங்கும் ரியாஸ் கம்மர்கோர் போன்ற ஜெர்மானியத் தொழில்முறைப் பாடகர் குழுக்களில் மாதச் சம்பளப் பணிகள் உண்டு; அவை பழைய இசையையும் புதிய இசையையும் பாடுவதால், ஒரு காலத்து இசையை மட்டுமே பாடுவேன் என்பவரைவிட இரண்டுக்கும் தயாரானவருக்கே அங்கே வாய்ப்பு அதிகம். அவற்றில் காலியிடம் வருவது அபூர்வம். இங்கிலாந்துப் பேராலயங்களின் பாடகர் பணி பகுதிநேர வருமானம் தரும். இவற்றுக்கு அப்பால் குரல் பயிற்சி கற்பிப்பதே பெரும்பாலோருக்கு நிலையான வருவாய். ஜெர்மனியில் தனித்தொழில் செய்யும் கலைஞர்களுக்கென 1983 முதல் சமூகக் காப்பீட்டு ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அதில் சேர்ந்தவர் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஓய்வூதியத்துக்குமான சந்தாவில் ஏறத்தாழப் பாதியைச் செலுத்தினால் போதும்.

இனி, உங்கள் மகளின் தகுதி. ஆலயக் கொயரில் சிறுவயது முதல் பாடி வருகிறார் என்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது, ஏனெனில் இத்துறை பேரொலிக் குரலைத் தேடுவதில்லை. குறைந்த ஒத்திகையில், எட்டு அல்லது பத்துப் பேருடன் குரல் இணைந்து பாடுபவரையே தேடுகிறது. ஆனால் நம் ஆலயங்கள் பலவற்றில் டோனிக் சால்ஃபா எழுத்துகளை (டோ, ரே, மி என்ற சுரங்களின் எழுத்துக் குறிகளை) பார்த்தே பாடுகிறார்கள். உங்கள் மகளும் அப்படிப் பழகியவர் என்றால், ஸ்டாஃப் நொட்டேஷன் எனப்படும் ஐந்து கோட்டு இசைக்குறிப்பை முதல் பார்வையிலேயே பாடும் பயிற்சியை இன்றே தொடங்க வேண்டும். நல்ல குரல் உள்ளவர்கள் பின்தங்கும் இடம் பெரும்பாலும் அதுவே. பரோக் குழுக்கள் பலவும் இன்றைய 440 ஹெர்ட்ஸுக்குப் பதிலாக 415 ஹெர்ட்ஸ் என்ற, ஏறக்குறைய அரைச் சுரம் தாழ்ந்த சுருதியில் இசைப்பதால் அதற்கும் காது பழக வேண்டும். இத்தாலியம், ஜெர்மன், பிரெஞ்சு, லத்தீன் ஆகியவற்றைப் பொருள் உணர்ந்து உச்சரிக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

பி.காம். பற்றி: உங்கள் கணவரின் யோசனையை மகள் எதிரியாகப் பார்க்க வேண்டியதில்லை. குரல் பதினேழு வயதில் முதிர்ந்துவிடுவதில்லை. புகழ்பெற்ற சோப்ரானோ எம்மா கிர்க்பி ஆக்ஸ்ஃபோர்டில் கிரேக்க, லத்தீன் இலக்கியம் படித்து, பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றிய பிறகே முழுநேரப் பாடகியானார். ஆனால் பி.காம். பட்டத்தை மட்டும் வைத்து இசைக் கல்லூரியில் முதுநிலைக்கு இடம் பெறுவது பெரும்பாலும் கடினம். இருபது, இருபத்தொரு வயதில் அவர் இசையில் இளநிலையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கலாம். பாடகர்களுக்கு அது தாமதமான வயதன்று. இங்கே படிக்கும் மூன்றாண்டுகளில் வாரந்தோறும் குரல் பயிற்சி தொடர வேண்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை, சென்னையில் கே.எம். இசைக் கல்லூரி போன்ற இடங்களில் மேற்கத்தியக் குரலிசை கற்பிக்கப்படுகிறது.

வெளிநாட்டுப் படிப்பில் பாசல் நகரின் ஸ்கோலா கான்டோரம், ஹேக் நகரின் ராயல் கன்சர்வேட்டரி, ஜெர்மனியின் பிரெமென், ட்ரோசிங்கன் கல்லூரிகள் இத்துறைக்குப் பெயர் பெற்றவை. 1933-இல் தொடங்கப்பட்ட ஸ்கோலாவின் பெயர் மாணவர்களை ஈர்க்கும், ஆனால் சுவிட்சர்லாந்தில் வாழ்க்கைச் செலவு மிக அதிகம். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுக் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் இல்லை. ட்ரோசிங்கன் அமைந்துள்ள பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வசூலிக்கிறது. ஜெர்மன் மாணவர் விசாவுக்காக ஓராண்டுச் செலவை முடக்கக் கணக்கில் (மாதந்தோறும் ஒரு பகுதியை மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில்) காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அத்தொகை 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. படித்து முடித்தபின் வேலை தேட ஜெர்மனியில் 18 மாதம் தங்கலாம். வீட்டையோ நிலத்தையோ அடமானம் வைத்து, கட்டணம் மிகுந்த நாட்டில் இந்தப் படிப்பைப் படிக்க வைக்காதீர்கள். முதல் சில ஆண்டு வருமானத்தில் அந்தக் கடனின் வட்டியைக்கூட அடைக்க முடியாமல் போகலாம்.

இந்தியப் பெண்ணை அங்கே ஏற்பார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். கோபே நகரில் பிறந்த மசாகி சுசுகி, ஆம்ஸ்டர்டாமில் படித்துத் தாயகம் திரும்பி, 1990-இல் பாக் கொலீஜியம் ஜப்பான் குழுவை நிறுவி, பாக்கின் ஆலய கான்டாட்டாக்கள் (வழிபாட்டுக்கான பாடல் தொகுதிகள்) அனைத்தையும் 2013-க்குள் பதிவு செய்து முடித்தார். அப்பதிவுகளை ஐரோப்பியரே போற்றிக் கேட்கிறார்கள். மும்பையில் பிறந்த பாட்ரிசியா ரொசாரியோ லண்டனில் முன்னணி சோப்ரானோவாக விளங்கியதோடு, இந்திய மாணவர்களுக்கும் பயிற்சி அளித்திருக்கிறார்.

இந்த விடுமுறையில் மகளை ஹாண்டெலின் ஓர் ஏரியாவையும் (தனிக்குரல் பாடலையும்), மான்டெவெர்டி அல்லது ஆங்கில இசையமைப்பாளர் பர்செலின் பாடல் ஒன்றையும் வெட்டி ஒட்டாமல் முழுமையாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அதைத் தற்போதைய ஆசிரியரைத் தவிர, உங்களை அறியாத இரண்டு குரலிசை ஆசிரியர்களிடம் கட்டணம் கொடுத்து மதிப்பிடச் சொல்லி, எழுத்தில் கருத்துப் பெறுங்கள். இருவரும் ஊக்குவித்தால், பி.காம். சேர்க்கையோடு ஜெர்மன் மொழி வகுப்பிலும் சேர்த்துவிடுங்கள். இருவரும் தயங்கினால், அவர்கள் சுட்டிய குறைகளுக்கு ஓராண்டு பயிற்சி கொடுத்து, அதே பாடல்களை மீண்டும் பதிவு செய்து அவர்களிடமே அனுப்புங்கள். அந்த இரண்டாம் கருத்து வந்தபின் உங்கள் கணவரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், மூவருடனும் உட்கார்ந்து பேசுவோம்.