பழைய டெஸ்க்டாப்பும் உப்புக்காத்தும்: உங்க கேள்வி, என் பதில்

ராமநாதபுரத்துல கம்ப்யூட்டர் சர்வீஸ் பாக்குறேன். நம்ம கரையோர ஊர்கள்ல இருந்து வந்த கேள்விங்களுக்கு இங்க பதில் சொல்றேன். மொதல்ல ஒண்ணு, மெஷின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே போட்டோ, பத்திரம், கணக்கு எல்லாத்தையும் வேற டிஸ்க்ல காப்பி எடுத்துருங்க, ஸ்குரூவ கழட்டுறதெல்லாம் அப்புறம்.

உச்சிப்புளி: அண்ணே, ரெண்டு மாசம் ஊர்ல இல்ல, மெஷின பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி வச்சிருந்தேன். வந்து ஆன் பண்ணா ஃபேன் சுத்துது, மானிட்டர்ல ஒண்ணும் வரல. கடையில மதர்போர்டு போச்சுங்கிறாங்க.

அதுக்குள்ள போர்டு போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க தம்பி. ரெண்டு மாசம் மூடிக் கிடந்துச்சுன்னீங்களே, அதுலதான் விசயமே இருக்கு. கடக்காத்துல வர்ற உப்பு தூசியோட சேந்து உள்ள படியும், ஈரப்பதம் 75 சதவீதத்த தாண்டுனா அந்த உப்பு தண்ணிய இழுத்து நசநசன்னு ஆயிரும், நம்ம பக்கம் விடியக்காலையில அது சாதாரணம். தினம் ஓடுற மெஷின் அந்த சூட்டுலயே காஞ்சுக்கும், பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி வச்சதுலதான் ஈரம் உள்ளயே நின்னு காண்டாக்ட அரிக்கும். பிளக்க புடுங்கிட்டு பவர் பட்டன கொஞ்ச நேரம் அமுக்கிப் புடிங்க, ரேம (போர்டுல சொருகியிருக்குற மெமரி பட்டை) கழட்டி காண்டாக்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல நனைச்ச, இழை உதிராத துணியால தொடச்சு, நல்லா காயவிட்டு, ஒரே ஒரு ரேம மட்டும் போட்டுப் பாருங்க, அப்புறம் ஸ்லாட்ட மாத்திப் பாருங்க. அப்பவும் வரலன்னா ரேமே இல்லாம ஆன் பண்ணுங்க, போர்டுல சின்ன ஸ்பீக்கர் மாட்டியிருந்து பீப் சத்தம் வந்தா போர்டும் பிராசஸரும் உசுரோட இருக்குன்னு அர்த்தம். சத்தமே இல்லன்னா சந்தேகம் எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்கு கரண்ட் குடுக்குற பெட்டி) பக்கமும் போர்டு பக்கமும் போகும்.

தங்கச்சிமடம்: ஒவ்வொரு தடவ ஆன் பண்ணும்போதும் தேதி பழசாயிருது.

போர்டுல காசு மாதிரி வட்டமா இருக்குற பேட்டரி தீந்துபோச்சு. சிஆர்2032, 3 வோல்ட். மாத்திட்டு பயோஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்குற செட்டிங்ஸ்) தேதிய வச்சுக்கோங்க.

கீழக்கரை: ஹார்ட் டிஸ்க் டிக் டிக்குங்குது, தங்கச்சி கல்யாண போட்டோ பூரா அதுலதான். ஃபிரீஸர்ல வச்சா சரியாகுமாமே?

வேணாம். இந்த ஊர் ஈரத்துல ஃபிரீஸர்ல இருந்து வெளிய எடுத்த உடனே டிஸ்க்ல வேர்த்துரும், இருக்குற உசுரும் போயிரும். உடனே ஆஃப் பண்ணுங்க. பயோஸ்ல டிஸ்க் பேரு தெரிஞ்சா ஒரு தடவ மட்டும் மாட்டி, டிடிரெஸ்க்யூங்கிற நகல் எடுக்குற சாப்ட்வேர் வச்சு முழுசா வேற டிஸ்க்குக்கு நகல் எடுத்துட்டு, ஃபைல அந்த நகல்ல தேடுங்க. பேரே தெரியாம சத்தம் மட்டும் வந்தா டேட்டா ரெக்கவரி செய்றவங்ககிட்ட குடுத்துருங்க, வீட்டுல திறக்காதீங்க. காப்பி எடுங்கன்னு நான் தொண்டத்தண்ணி வத்த சொல்றது இதுக்குத்தான்.

தொண்டி: மத்தியானமானா தானா ரீஸ்டார்ட் ஆகுது, 2006ல வாங்குனது.

அந்த வருசத்து போர்டுன்னா பிராசஸர சுத்தி சின்ன உருளையா நிக்கிற கெப்பாசிட்டர் தலையப் பாருங்க. தட்டையா இல்லாம உப்பியிருந்தாலோ பழுப்பா கசிஞ்சிருந்தாலோ அதான் காரணம், 2000த்துக்கு அப்புறம் சில வருசம் வந்த போர்டுங்கள்ல மோசமான கெப்பாசிட்டர் நெறைய மாட்டிருச்சு. தலை நல்லாருந்தா பிராசஸர் மேல சூட்ட இழுக்குற ஹீட்சிங்க் தூசியத் தட்டி, அதுக்கு அடியில பூசுற தெர்மல் பேஸ்ட் புதுசா போடுங்க. மல்டிமீட்டர் இருந்தா மெஷின் ஓடும்போதே ஹார்ட் டிஸ்க் கனெக்டர்ல மஞ்சள் வயர அளந்து பாருங்க, 11.4 வோல்ட்டுக்கும் 12.6 வோல்ட்டுக்கும் நடுவுல நிக்கணும். எஸ்எம்பிஎஸ்ஸ மட்டும் திறக்கவே திறக்காதீங்க, பிளக்க புடுங்குன பெறகும் உள்ள 300 வோல்ட்டுக்கு மேல நிக்கலாம்.

ஏர்வாடி: ஃபேன் சுத்துது, டிஸ்பிளே வரல.

உச்சிப்புளிக்கு சொன்னதப் படிங்க.

மண்டபம்: எதுக்குண்ணே ஆல்கஹால்? ரேம அழிரப்பர் வச்சு தேச்சா போதும், நாங்க எல்லாம் அப்படித்தான்.

இத எதிர்பாத்தேன். தேச்சா ஓடும், இல்லங்கல. ஆனா அந்த காண்டாக்ட் மேல இருக்குற தங்க முலாம் ரொம்ப ரொம்ப மெல்லிசு, அதுக்கு கீழ நிக்கல், அதுக்கும் கீழ செம்பு. ரப்பர் கருப்ப மட்டும் எடுக்காது, தங்கத்தையும் சேத்து எடுக்கும். மதுரையில தேச்சவனுக்கு பல வருசம் ஓடலாம், மண்டபத்துல தேச்சா உப்பு நேரா செம்புக்குப் போயிரும்.

மண்டபம், மறுபடியும்: எங்க கடையில தேச்சது எதுவும் திரும்பி வந்ததில்ல.

வந்த ரேம கழட்டி லென்ஸ் வச்சு பாத்திருக்கீங்களா? ஒரு எடத்துல மஞ்சள் போய் வெளிறியிருக்கும், அங்கதான் பச்சை புடிக்கும்.

கீழக்கரை, இன்னொருத்தர்: நானும் சர்வீஸ்தான். ஆல்கஹால்ல கெட்டியான கறை போகாது, ரப்பர்தான் போக்கும்.

காக்கா (அண்ணே), அது நியாயமான பேச்சு. ஆல்கஹால்ல ரெண்டு மூணு தடவ தொடச்சும் போகலன்னா, மெத்துன்னு இருக்குற வெள்ளை ரப்பர்ல லேசா ஒரே பக்கமா இழுத்து, தூள ஆல்கஹால்ல கழுவுங்க, அதுக்கு மேல சண்டை போட மாட்டேன். பேனா மைய அழிக்கிற சொரசொரப்பு ரப்பரும் உப்புத்தாளும் கூடாது. எடுத்த உடனே ரப்பர்னு சொல்லிக் குடுக்குறததான் நான் எதிர்க்கிறேன்.

பாம்பன்: கேபினட்ட தொட்டா சுருக்குங்குது, ஆனா நல்லா ஓடுது.

இன்னைக்கு வந்ததுல அவசரமானது இதுதான். எஸ்எம்பிஎஸ் வாசல்ல லைன்ல இருந்தும் நியூட்ரல்ல இருந்தும் கேபினட் பாடிக்கு சின்ன கெப்பாசிட்டர் போட்டிருப்பான், எர்த் இல்லன்னா பாடியில பாதி கரண்ட், அதாவது 115 வோல்ட் பக்கம் காட்டும். இப்ப சுருக்குங்குறதோட போகுது, நாளைக்கு உள்ள ஒரு வயர் பாடியில பட்டா அது போக வழி உங்க உடம்புதான். உப்பு மண்ணுல எர்த்துக்குப் பொதைச்ச ஜிஐ பைப் (துத்தநாகம் பூசுன இரும்பு பைப்) சீக்கிரம் துருப்புடிச்சு எர்த் அந்துபோகும், மேல பாத்தா தெரியாது. வயர்மேன கூப்பிட்டு எர்த்த அளக்கச் சொல்லுங்க, ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச்) இல்லன்னா போடச் சொல்லுங்க, அதுவரைக்கும் பிளக்க புடுங்கி வைங்க, பிள்ளைங்கள கிட்ட விடாதீங்க.

தேவிபட்டினம்: போன் சார்ஜ் ஏறல.

செல்போன் என் வேலை இல்ல, போன் கடையில காட்டுங்க.

பெரியபட்டினம்: ஆன் ஆகுது, டிஸ்பிளே மட்டும் இல்ல, என்ன செய்ய?

மூணாவது தடவ இதே கேள்வி. மேல உச்சிப்புளின்னு தேடுங்க. தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தா அதையும் கழட்டி அதே மாதிரி தொடைங்க.

சாயல்குடி: கம்ப்யூட்டர எங்க வைக்கிறது நல்லது?

கடல் பாத்த சன்னல விட்டு தள்ளி, தரையில இல்லாம மேசை மேல. பிளாஸ்டிக் கவர் வேணாம், துணி போதும். வேலை இல்லன்னாலும் வாரத்துக்கு ரெண்டு தடவ ஒரு மணி நேரம் ஓட்டுங்க.

தொண்டி தம்பி, மஞ்சள் வயர் ரீடிங்க அனுப்புங்க, அதப் பாத்துட்டுதான் எஸ்எம்பிஎஸ்ஸா போர்டான்னு சொல்ல முடியும்.