பிளேட்டுக்குப் பின்னால் உங்கள் தலை எங்கே நிற்கிறது?

கேள்வி: தேவகோட்டையில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். கிரிக்கெட் அம்பயரிங்கில் நல்ல அனுபவம் உண்டு. இரண்டு வருடமாகப் பள்ளி, கல்லூரி பேஸ்பால் ஆட்டங்களில் பிளேட் அம்பயராகவும் நிற்கிறேன் (பேட்டர் முன் தரையில் பதித்த வெள்ளை ரப்பர் பலகைதான் பிளேட்; அதன் பின்னால் நின்று ஒவ்வொரு பந்துக்கும் தீர்ப்புச் சொல்பவர்). தாழ்வாக வரும் பந்துகளில் தடுமாறுகிறேன். ‘பால்’ (பந்து பிளேட்டுக்கு மேலுள்ள ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே) என்றால் ஒரு பக்கம் சத்தம், ‘ஸ்ட்ரைக்’ (எல்லைக்குள்) என்றால் மறுபக்கம் சத்தம். குரலை உயர்த்திப் பார்த்தும் பலனில்லை. எப்படித் திருத்திக்கொள்வது?

பதில்: குரலை இப்போதைக்கு விடுங்கள். தாழ்ந்த பந்தில் தடுமாறுகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. உங்கள் தலை தாழ்ந்து போகிறது என்று நினைக்கிறேன். முழங்கால் உயரப் பந்தை நன்றாகப் பார்க்க வேண்டும் என்று நாமாகவே இன்னும் குனிவோம். குனிந்ததும், நமக்கு முன்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சரின் தலை நடுவில் வந்துவிடும். பேட்டருக்கு எட்டத்தில் உள்ள வெளிமூலையில் தாழ்வாக வரும் பந்து மறைந்துபோகும். பிறகு சொல்வதெல்லாம் ஊகம்தான். அந்த ஊகம் குரலில் தெரிந்துவிடும், எவ்வளவு சத்தமாகச் சொன்னாலும்.

நிற்க வேண்டிய இடத்தை ‘ஸ்லாட்’ என்பார்கள். பேட்டருக்கும் கேட்சருக்கும் நடுவே உள்ள சந்து அது. வலக்கை பேட்டர் உங்களுக்கு இடப்பக்கம் நிற்பார். அவருக்கும் கேட்சரின் இடது தோளுக்கும் இடையில் உங்கள் முகம் இருக்க வேண்டும். மூக்கு பிளேட்டின் உள்விளிம்புக்கு (பேட்டர் பக்க ஓரம்) நேராக, தாடை கேட்சர் ஹெல்மெட்டின் உச்சிக்கு நேராக. கால்களைத் தோளைவிட அகலமாக வைத்து, இடது காலைச் சற்று முன்னால் விடுங்கள். அதன் குதிகாலுக்கு நேராக வலது காலின் விரல் நுனி வரட்டும். இடது கையை வயிற்றோடு மடித்துக்கொள்ளுங்கள். மட்டையில் உரசிய பந்து வந்து விரலில் பட்டால் மாதக்கணக்கில் வலிக்கும். இடக்கை பேட்டர் வந்தால் எல்லாவற்றையும் அப்படியே பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். கேட்சர் உள்பக்கம் நகர்ந்து சந்தை அடைத்துவிட்டால் பக்கவாட்டில் நகரக் கூடாது. கொஞ்சம் மேலே எழும்பி, அவர் தலைக்கு மேலாகப் பாருங்கள்.

இதற்கு மைதானம் வேண்டியதில்லை. நம் செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்தை ஒட்டிய வளவு நீளமாகக் கிடக்கிறது, நிலைக்கண்ணாடிக்கும் குறைவில்லை. ஆத்தங்குடிக் கல் தரையில் சாக்பீஸால் 43 செ.மீ. அகலத்துக்கு ஒரு பிளேட் வரையுங்கள். பின்னால் முக்காலி போட்டு, அதன் மேல் ஹெல்மெட்டை வையுங்கள். கேட்சர் உட்காரும் உயரம் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எதிரே கண்ணாடி. இறங்கி நில்லுங்கள், தாடையைப் பாருங்கள், எழுந்திருங்கள். தினமும் ஐம்பது தடவை செய்தால் உடம்பே அந்த உயரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம், அவசரம். காரைக்குடியில் ஒரு கல்லூரி ஆட்டம். வளைந்து வரும் கர்வ் பந்து ஒன்று முழங்காலை நோக்கி அழகாக வந்தது. அது பிளேட்டைத் தொடுவதற்குள் என் வாயிலிருந்து ‘ஸ்ட்’ வரை வந்துவிட்டது. கடைசி நேரத்தில் பந்து வளைந்து வெளியே போனது. நிறுத்த முடியாமல் ‘ரைக்’ என்று முடித்தேன். இரண்டு அணிக்கும் தெரிந்தது. அன்று மாலைவரை சரியாகச் சொன்ன முடிவுகளைக்கூட யாரும் நம்பவில்லை. அந்த ஒரு பந்து இன்றும் உறுத்துகிறது.

கிரிக்கெட்டிலிருந்து வரும் நமக்கு இது கூடுதல் சிரமம். அங்கே அப்பீல் கேட்டால்தான் அவுட்டா இல்லையா என்று சொல்ல வேண்டும். கேட்கிற அந்த நேரம் நமக்கு யோசிக்கக் கிடைக்கும். இங்கே பேட்டர் மட்டையை வீசாமல் விட்ட ஒவ்வொரு பந்துக்கும், யாரும் கேட்காமலே தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். யோசிக்கும் நேரத்தை நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். தலை அசையாமல், கண் மட்டும் பந்தோடு கிளவுஸ் வரை போகட்டும். பந்து விழுந்த சத்தம் கேட்டபின், வந்த பாதையை மனதில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதன்பின் சொல்லுங்கள். ‘ஸ்ட்ரைக்’ என்றால் குனிந்தபடியே குரல் கொடுத்து, எழுந்து வலக்கையால் சைகை. ‘பால்’ என்றால் குனிந்த நிலையிலேயே குரல் மட்டும் போதும், கை வேண்டாம்.

தீர்ப்பு பந்து பிளேட்டைக் கடந்த இடத்துக்குத்தான், பிடித்த இடத்துக்கு அல்ல. முழங்காலில் கடந்த கர்வ் பந்தைக் கேட்சர் தரையோரம் பிடிப்பார். அதைப் பார்த்து ‘பால்’ சொல்லிவிடாதீர்கள். ஸ்ட்ரைக்கின் கீழ் எல்லை பேட்டரின் முழங்கால் சிப்பிக்குக் கீழே உள்ள பள்ளம். பந்தின் ஒரு ஓரம் எல்லையில் பட்டாலும் ஸ்ட்ரைக். பந்தின் குறுக்களவு 7 செ.மீ.க்கு மேல். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பந்தின் அகலத்தைச் சேர்த்தால், 43 செ.மீ. பிளேட் ஏறக்குறைய 58 செ.மீ. அகலமாகிவிடுகிறது. புதிதாக வருகிற அம்பயர்கள் பெரும்பாலும் இதைவிடக் குறுகலாகத்தான் கொடுக்கிறார்கள்.

சத்தம் போடுகிறவர்களைப் பற்றி: பால், ஸ்ட்ரைக் பற்றி வாதாட விதியில் இடமில்லை. வாதாட இடத்தைவிட்டு வந்தால் எச்சரிக்கலாம், மீறினால் வெளியேற்றலாம். ஆனால் முதல் முணுமுணுப்பைக் காதில் வாங்காதீர்கள். கேட்சர் தாழ்ந்த குரலில் “எங்க சார் போச்சு?” என்று கேட்டால், “வெளியே போச்சு தம்பி” என்று பதில் சொல்லுங்கள், அது கேள்விதான். மனம் கொதித்தால் பிளேட்டைத் துடைக்கப் போங்கள். நம் செம்மண்ணுக்கு வெள்ளை ரப்பர் எப்படியும் இரண்டு ஓவரில், மன்னிக்கவும், இரண்டு பேட்டரில் சிவந்துவிடும். பந்தை எறியும் பிட்சருக்கு முதுகைக் காட்டி நின்று, நிதானமாகப் பிரஷ் போடுங்கள். எழுந்திருக்கும்போது மூச்சு சீராகியிருக்கும்.

அடுத்த ஆட்டத்தில் மாணவர் ஒருவரிடம் போனைக் கொடுத்து, முதல் இன்னிங்ஸிலும் கடைசி இன்னிங்ஸிலும் உங்களைப் பக்கவாட்டில் படமெடுக்கச் சொல்லுங்கள். வெயிலில் தொடை தளரத் தளரத் தலை இறங்கும். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று இரண்டையும் வைத்துப் பாருங்கள். ஆட்டத்துக்கு முன் பிட்சர் கை சூடேற்றும்போது, அனுமதி கேட்டுக் கேட்சருக்குப் பின்னால் போய் நின்று, வாயே திறக்காமல் இருபது பந்தைக் கண்ணால் மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்.